எலி வரைக்கும் வந்த மருந்து

அடுத்தவர் ரத்தத்தைக் கழுவிக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போட்ட தொழில். காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அந்த அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பொடிந்த மகாஜனங்களே, உங்களுக்குப் புதிதாக நான் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறேன்! காளியப்பண்ணன் கதையை மட்டும் கேளுங்கள்.

ஒட்டுப் போட்ட வலை

பட்டினச்சேரிக்காரர், விசைப்படகு ஓட்டியவர். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டு, கிட்னியைத் தொலைத்துவிட்டு வந்தார். ஊசி குத்தும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: எப்போது கடலுக்குப் போகலாம்? எங்கள் டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. கிட்னி முழுக்கத் தழும்பேறி நார் மாதிரி இறுகிவிட்டது, இனி அது வடிகட்டாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அண்ணன் சிரித்தார்.

"வலையில கிழிஞ்ச எடத்தயெல்லாம் கண்ணு இல்லாம தச்சுப்புட்டா தண்ணி எப்புடிம்மா எறங்கும்? வலைக்காரனுக்குத் தெரியாதா?"

குப்பை தின்னும் செல்

அவர் மனைவி வள்ளியக்கா மீன் விற்கிறவர். மருந்தே கிடையாதா என்று டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவரும் மறைக்காமல் சொன்னார். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லும் தன் குப்பையைத் தானே தின்று சுத்தமாகுமாம். ஆட்டோஃபேஜி என்று பேர். சாப்பாடு கிடைக்காவிட்டால் அந்த வேலை வேகமாக நடக்குமாம். அது கெட்டால் தழும்பு ஏறும் என்கிறார்கள், மிஞ்சினாலும் கெடுதல் என்கிறார்கள். அதைச் சரிசெய்யும் மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், மனுஷனுக்கு இன்னும் வரவில்லை.

"எலிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறாங்க, இந்த மனுசன் என்ன பாவம் பண்ணுனாரு டாக்டரம்மா?"

காப்பு

அண்ணன் காதில் விழுந்தது சாப்பாட்டுச் சங்கதி மட்டும். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு விரதத்தில் உட்கார்ந்துவிட்டார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதனால் டயாலிசிஸும் இல்லை. அக்கா மட்டும் வந்து, "காப்பு அவுத்ததும் வர்றாராம் தம்பி. சோறு தொடுறதில்ல, எளநிதான் குடிக்கிறாரு" என்றார். இளநீரில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி நெஞ்சை நிறுத்திவிடும். "ஐயோ, காப்பாவது ஒண்ணாவது, ஓடுங்கக்கா! இப்பவே கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். மெஷினில் மாட்டுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. டாக்டரம்மா அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன்.

"பசிச்சுது தம்பி அவருக்கு. கொழம்பு வாசம் வந்தா கதவச் சாத்தச் சொல்லிட்டு, 'உள்ள குப்பையத் தின்னுது புள்ள, தின்னட்டும், கடலுக்குப் போயிரலாம்'னு சந்தோசமாப் படுத்துக் கெடந்தாரு."

எலிகளெல்லாம் சௌக்கியம் என்று கேள்வி. அந்த மருந்து காரைக்காலுக்கு பஸ் ஏறும்வரை நாம்தான் எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும்.