வில்லுக்கு வைத்த எண்ணெய்

எனக்குப் பத்து வயதானபோது செலோ படிக்கக் கண்டிக்குப் போனேன். வயலினைப் போன்று, ஆனால் கதிரையில் உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம் அது. சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு நானும் அத்தையும் பிலிமத்தலாவையில் பஸ் ஏறுவோம். அத்தை அப்பாவின் தங்கை. கலியாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் செலோவைப் பிடித்துக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினால் செலோ கற்றுத்தரும் மிஸ்ஸின் வீடு.

மிஸ் அவசரப்படாதவர். முதல் இரண்டு மாதம் வில்லைத் தரவேயில்லை. கதிரை நுனியில் உட்காரவும், செலோவை நெஞ்சில் சாய்க்கவும், விரலால் தந்தியைச் சுண்டவும் மட்டுமே பழக்கினார். வில் பிடிப்பதைப் பென்சிலில்தான் கற்றேன். விரல் வைக்கும் இடங்களில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார். விரல் சற்று விலகினாலும் "திரும்ப" என்பார். ஒரு நாள் பதினான்கு முறை சொன்னார், எண்ணினேன்.

மூன்றாம் மாதம் வில் கைக்கு வந்தது. அதில் கட்டியிருப்பது குதிரை வால் முடி, அதில் கை படக்கூடாது, பிசின்கட்டியை மட்டும் தேய்க்கலாம் என்றார் மிஸ். குதிரை முடி என்பதை வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். மற்ற இரண்டையும் சொல்லவில்லை.

அந்த நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, மிஸ்ஸின் மாணவர்கள் மாதா கோவிலில் வாசிப்பதாக இருந்தது. நடுவில் ஒரு பகுதி எனக்கு மட்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, வகுப்பில் வில்லை இழுத்தேன். சத்தமே வரவில்லை. வில் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. மிஸ் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"யார் இதுக்கு எண்ணெய் வச்சது?"

முன் ஹோலில் காத்திருந்த அத்தை எழுந்து வந்தார். "நான்தான் மிஸ். முடி காஞ்சு போய் இருந்திச்சு. பொடுகு மாதிரி வெள்ளையா உதிர்ந்திச்சு. பாப்பா தலைக்கு வைக்கிற எண்ணெயத்தான் கொஞ்சூண்டு தடவுனேன்."

மிஸ் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைதான் பிசின் தூள், அது தந்தியைப் பற்றுவதால்தான் சத்தம் வருகிறது என்று அத்தைக்கு விளக்கினார். இனி முடி முழுவதையும் மாற்ற வேண்டும். கொழும்புக்கு அனுப்பினால் நத்தாருக்குப் பிறகுதான் வரும். என் அளவுக்கு இருந்த மற்றச் சின்ன வில் இன்னொரு மாணவனிடம் இருந்தது. மிஸ்ஸின் வில் என் கைக்குப் பாரம்.

நான் அழுதேன். அத்தை என் பக்கம் திரும்பவில்லை. "அண்ணிக்கு மட்டும் சொல்லிராதீங்க மிஸ்" என்றார். முந்தின மாதம் அவர் கைதவறி உடைத்த கண்ணாடிச் சாடியைப் பற்றி அம்மா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மிஸ் என் பயிற்சிக் கொப்பியில் அம்மாவுக்கு எழுதினார்: வில்லின் முடி பழசாகிவிட்டது, மாற்ற அனுப்புகிறேன், நத்தாருக்கு இவள் விரலால் சுண்டி வாசிப்பதையே விரும்புகிறேன்.

வீட்டில் அம்மா அதைச் சத்தமாக வாசித்தார். அடுப்படியில் அத்தை தேங்காய் துருவும் ஓசை நின்றது. அம்மா கையெழுத்துப் போட்டுக் கொப்பியை மூடியதும் மறுபடி கேட்டது.

நத்தார் பூசையில் மற்றவர்கள் வில்லை இழுத்து வாசிக்க, நான் சுண்டினேன். என் பகுதி வந்தபோது கோவில் அமைதியாக இருந்தது. பிழை ஒன்றும் விடவில்லை. "நல்லாத்தானே இருந்திச்சு. மிஸ்ஸுக்குத் தெரியாததா" என்றார் அம்மா. அத்தை செலோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அத்தையுடன் புதுவருடம் வரை நான் பேசவில்லை. ஆனால் கோபம் மிஸ் மீதுதான் அதிகம். என் நாட்குறிப்பில் "மிஸ் பொய் எழுதினார்" என்று எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. பொய் யாருக்காக என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அதையும் எழுத வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.