கசியாத கரை

கண்ணாடித் தம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் அக்கா. கரையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கசிவுக் குழாயில் பிடித்த தண்ணீர் அது. தெளிந்திருந்தால் கீழே கொட்டிவிட்டு நடையைக் கட்டுவாள். எங்கள் சின்ன மண் அணைக்கு அவள்தான் காவல். ஊரில் தம்ளர் அக்கா என்றால்தான் தெரியும்.

கரையில் ஒரு செடி தலைகாட்டக் கூடாது அவளுக்கு. நிழலுக்கு ஆகுமே என்று கன்று நட்ட புண்ணியவான் ஒருவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "வேரு மக்கிச்சுன்னா உள்ள ஓட்டை விழும். அப்புறம் நிழல்ல உக்கார நீங்க இருக்கணுமே" என்றாள்.

கரைக்குக் கீழே முதல் வீடு அவளுடையது. உள்ளே நிறைமாத மகள். வீட்டை ஒட்டிச் சோள வயல். அக்காவின் கணவர் உயிரைக் கொடுத்து வளர்த்தது.

அடைமழை விட்ட மறுநாள் மதியம் அவளோடு போனேன். குழாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை. நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

"கசியணும். இல்லன்னா தண்ணி உள்ளயே நின்னு கரைய ஊற வச்சிடும்" என்றபடி குழாய்க்குள் கையை விட்டாள். சாக்குத்துணியும் களிமண்ணும் தட்டுப்பட்டன.

வயலிலிருந்து கணவர் வந்தார். "நான்தான் அடைச்சேன். வயலெல்லாம் ஒரே சேறு. ஒழுகுறத அடைச்சது ஒரு குத்தமா?" கூரை ஒழுகினால் அடைக்கிற மனுஷன், அவர் நியாயம் அவருக்கு.

அக்கா கடப்பாரையால் குத்தி அடைப்பை இழுத்தாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தம்ளரில் பிடித்தாள், டீ நிறத்தில் கலங்கியிருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி பிடித்தாள். அதே கலங்கல். கரையின் மண் உள்ளுக்குள் அரித்துக்கொண்டு வருகிறது. கரை எப்போது வேண்டுமானாலும் உடையலாம்.

மகளுக்குப் போன் போட்டாள். "ஒண்ணையும் எடுக்காத. அப்படியே மேட்டுக்குப் போ." மற்ற வீடுகளுக்குச் சொல்வதை என்னிடம் விட்டுவிட்டுக் கரை மேலே ஓடினாள். நானும் போனைக் காதில் வைத்தபடி பின்னால் ஏறினேன்.

அணைத் தண்ணீரைக் குறைக்க ஷட்டரைத்தான் திறக்க வேண்டும்; முழுக்கத் திறந்தால் வாய்க்கால் தாங்காது. முதலில் முழுகுவது சோளம்தான். அது பின்னாலேயே ஓடிவந்த கணவருக்கும் தெரியும்.

"பாதி தொறந்தா போதாதா? கதிர் முத்திடுச்சும்மா, அறுக்க வேண்டியதுதான் பாக்கி."

"போதாதுங்க."

தண்ணீரின் அழுத்தத்தில் ஷட்டரைத் தூக்கும் சக்கரம் அசைய மறுத்தது. முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினாள். ஈர மண்ணில் கால் வழுக்கியது. கணவர் வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தில் தன் கைகளைச் சற்று நகர்த்தி, அவர் கைகளுக்கு இடம் விட்டாள்.