குட்டைக் காலும் பட்டு மெத்தையும்

கங்கைகொண்டான் பக்கம் நாற்கரச் சாலையில் பைக் சறுக்கி என் இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் கட்டைவிரல் தடிமன் அளவுக்குக் கால் குட்டையாகிவிட்டது.

டாக்டர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் எலும்புக் காலை எடுத்து விளக்கினார். உடம்பிலேயே நீளமானது தொடை எலும்புதானாம். அதன் மேல்முனை பந்து மாதிரி உருண்டு, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கீழ்முனை முழங்கால் சில்லுக்குப் பின்னால், கணுக்கால் வரை போகிற கீழ்க்கால் எலும்பைத் தொடுகிறது. ஒரு பக்கம் குட்டையானால் இடுப்பு அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த இடுப்பின் மேல் முதுகெலும்பு வளைந்துதான் நிற்கும்.

"அதான் உங்களுக்கு முதுகு வலிக்கு. இடது செருப்புக்கு அடியில உயரம் வச்சுத் தச்சுப் போடுங்க, சரியாப் போயிரும்" என்றார்.

போயிருக்கும், செருப்போடு வாழ விடுகிற ஊராக இருந்தால். வீட்டுக்குள் கூடாது, கோயிலில் கூடாது, சொந்தக்காரர் வீட்டில் கூடாது. அந்த டாக்டரின் வாசலிலேயே 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை தொங்குகிறது. அடுத்த முறை போனபோது என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். "இன்னும் சாயுதே, செருப்பு போடுதியளா இல்லியா?"

"போடுதேன் சார். உங்க வாசல்லதான் கிடக்கு."

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டைச் சமாளித்தேன். புதிதாக ஒரு ஜோடி தைத்து, வெளியே கொண்டுபோகாமல் உள்ளேயே போட்டுக்கொள்ள மனைவி சம்மதித்தாள். சாமி படத்துப் பக்கம் மட்டும் வரக் கூடாதாம். சமாளிக்க முடியாதது கடைதான்.

மீசை அரும்பிய நாளிலிருந்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விற்கிறேன். மாடியில், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையின் மேல், வெறுங்காலோடு நின்றபடி. பட்டை ஒரே வீச்சில் விரித்துக் காட்டுவதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன். பெண்வீட்டார் படியேறி வரும்போதே எந்த நிறத்தில் கை வைப்பார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்த மெத்தையை விட்டு இறங்கினால் நான் வெறும் ஆள்.

சாக்ஸுக்குள் ஸ்பாஞ்சு வைத்துப் பார்த்தேன். வழுக்கி, ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா மடியில் விழப் பார்த்தேன். கடைசியில் என் வீட்டுக்குள் போடுகிற செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"அண்ணாச்சி, இது தெருவையே பாக்காத செருப்பு. மெத்தையில போட்டுக்கிடட்டா?"

"தெருவப் பாக்காட்டாலும் செருப்பு செருப்புதான வே. முகூர்த்தப் பட்டு விரிக்கிற எடத்துல எப்படி வே?"

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் சண்டையாவது போட்டிருப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முதுகு வலியோட நீரு ஏன் சங்கடப்படணும்? கீழ எறங்கி வாசல்ல நின்னு வாறவங்களுக்கு வழி சொல்லும். அங்கன செருப்பு போட்டுக்கிடலாம்லா. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்" என்றார். நல்ல மனுஷர்தான். அதனாலேயே ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

இப்போது முதுகு வலி இல்லை. இடுப்பு நேராக நிற்கிறது. கல்யாண வீட்டார் கூட்டமாக வந்து இறங்கும்போது என் கண் அவர்கள் முகத்தைப் பார்த்து நிறம் தேடுகிறது. வாய் மட்டும் கொடுத்த வேலையைச் செய்கிறது: "பட்டுச்சேல மாடியில. செருப்ப இங்கன விட்டுட்டுப் போங்க."