பத்தாவது ஆள் வேண்டும்

காலை ஆறு நாற்பத்திரண்டு. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆள்காட்டி விரல். நகக்கண் வரை கருப்பு மை. அது எங்கள் வாசல் கோலத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது.

விரலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். காட்டன் குர்தா, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் காலிப் பால் பை.

“உங்க வீட்ல ஆம்பளைங்க எத்தனை பேரு?”

குட் மார்னிங் இல்லை. பெயர் சொல்லவில்லை. ஹிந்தியில் நேராக இந்தக் கேள்விதான்.

சென்சஸா? வாக்காளர் பட்டியலா? சொசைட்டியில் தண்ணீர் டேங்கர் வரவில்லை என்று கோஷம் போட ஆள் திரட்டுகிறார்களா? முப்பது வருடம் பத்திரிகையில் மற்றவர்களைக் கேள்வி கேட்டவன், இப்போது நானே மாட்டிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவி மீனா சொன்னாள். “ஒருத்தருதானுங்க. அதும் சொன்ன வேலை செய்யமாட்டாரு.”

மீனாவின் ஹிந்தி கோயம்புத்தூர் வழியாகத்தான் வரும். ஆனாலும் வந்தவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒருத்தர் போதும்! எனக்கு வேண்டியது ஒரே ஒருத்தர்தான்!” முகம் மலர்ந்துவிட்டது. “நாலாவது மாடியில நம்ம ஆளுங்க இருக்காங்கன்னு யாருமே சொல்லலையே!”

நம்ம ஆளுங்களா?

விரல் மறுபடியும் கோலத்துக்குப் போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தோறும் மீனா முருகனுக்காக அறுகோணக் கோலம் போடுவாள். மேலே பார்த்து ஒரு முக்கோணம், கீழே பார்த்து ஒரு முக்கோணம். நமக்கு அது ஆறுமுகன். அந்த அம்மாளுக்கு அது தாவீதின் நட்சத்திரம். யூதர்களின் அடையாளம்.

அவர் பெயர் லேயா. ஓவியர். இரண்டு வாரம் முன்புதான் பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்ககத்தின் ஏழாவது மாடிக்குக் குடிவந்திருக்கிறார். கொங்கண் கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பெனே இஸ்ரேல் யூதர்களில் ஒருவர், தாய்மொழி மராத்தி. கரண்ட் இல்லாமல் லிஃப்ட் நின்றுவிட, பால் வாங்கப் படி இறங்கியவர் எங்கள் வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

மீனா ஈரக் கையோடு வெளியே வந்து விளக்கினாள். “இது எங்க முருகனுக்குங்க. அவருக்கு ஆறு முகம். அதனால ஆறு கோணம்.”

“ஆறு முகமா?” லேயா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். “ஆம்பளை சாமியா?”

“நல்லாக் கேட்டீங்க போங்க. ரெண்டு பொண்டாட்டிங்க!”

லேயா படிக்கட்டில் உட்கார்ந்தே விட்டார். அப்படி ஒரு சிரிப்பு. “அப்ப அவரையே அனுப்பிடுங்க வஹினி. எங்ககிட்ட ஒன்பது பேர் இருக்காங்க. இவர் ஒருத்தர் வந்தா பதினஞ்சு ஆயிடும்!” வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. பத்து நிமிடத்தில் உறவு ஏற்பட்டுவிட்டது.

சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார்.

காபி வந்தது. விஷயமும் வந்தது.

அன்று லேயாவின் அப்பாவுக்கு நினைவு நாள். நம் திதி மாதிரி. அவர்களுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு, நாள் அதன்படிதான் வரும். சூரியன் மறைவதற்குள் ‘காதிஷ்’ என்ற பிரார்த்தனையை மகன் சொல்ல வேண்டும். அதற்குப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் இருந்தால்? சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

மகன் என்றால் லேயாவின் அண்ணன் டேனியல். இஸ்ரேலில் அஷ்டோட் என்ற ஊரில் எலெக்ட்ரீஷியன். போன வருடம் அவரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு சித்தப்பா சொல்வதாக ஏற்பாடு. லேயா பூனா முழுக்க அலைந்து ஆள் சேர்த்தார். ஒன்பது தேறியது.

“நான் பத்தாவதா நிக்கறேன்னேன். பெரியவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. பொம்பளைங்களைச் சேக்கறது வழக்கமில்ல. எல்லாரும் டீ குடிச்சாங்க, கேக் சாப்பிட்டாங்க, கிளம்பிட்டாங்க. எங்கப்பாவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல.”

அதனால் இந்த வருடம் அண்ணனே விமானம் ஏறிவிட்டார். ஒன்பதும் ஒன்றும் பத்து. கணக்கு சரி. ஆனால் இடையில் அந்த ஒன்பதில் ஒருவர் மகனோடு இருக்கப்போகிறேன் என்று குடிபெயர்ந்துவிட்டார். எங்கே? அஷ்டோடுக்கு. டேனியல் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

“பூனா கேம்ப் ஏரியாவில் ஒரு யூத ஆலயம் இருக்கிறதே?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமைன்னா இருப்பாங்க. செவ்வாய்க்கிழமை யாரு இருக்கா? அங்க போனாலும் இதே ஒன்பது பேரைத்தான் நான் ரிக்‌ஷால ஏத்திட்டுப் போகணும்.”

பத்திரிகைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. ‘கிடைக்கவில்லை’ என்று யாராவது சொன்னால் கை தானாக போனுக்குப் போய்விடும். கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதெல்லாம் எடிட்டர் வேலை. ‘யூதர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்’ என்று எட்டரை மணிக்குள் ஐந்து பேரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு ஏழாவது மாடிக்குப் போனேன்.

ஹாலில் சோபா இல்லை. டிவி இல்லை. சுவர் முழுக்க அரிவாள்மனை. நுனியில் தேங்காய் துருவும் பல் வைத்த அரிவாள்மனைகள்... கருப்பு மையில், ஆளுயரத்துக்கு, ஒன்றின் பக்கத்தில் ஒன்று. முதல் பார்வைக்கு ஏதோ பறவைக்கூட்டம் மாதிரி இருந்தது. துரு, தேய்மானம், பலகையில் விழுந்த விரிசல் என்று எதையும் அவர் விடவில்லை.

“எங்காளுங்க ஊரை விட்டுப் போறப்ப பீரோவை விட்டுடுவாங்க, கட்டிலை விட்டுடுவாங்க. இதை மட்டும் விடமாட்டாங்க” என்றார் லேயா. காரணம் உண்டு. கறியோடு பாலோ தயிரோ சேரக் கூடாது என்பது யூதர்களின் விதி. அப்படியானால் கறிக்குழம்பு எப்படிக் கெட்டியாகும்? தேங்காய்ப் பால்தான்.

இந்த அரிவாள்மனைகளைத் தேடி லேயா நான்கு முறை இஸ்ரேல் போய்வந்திருக்கிறார். லோட், டிமோனா, பீர்ஷேபா, அஷ்டோட் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் தரையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

“சும்மா பாக்க வந்தேன்னா ஒருத்தருக்கும் நேரம் கிடையாது. அருவாமனையை வரையணும்னா, உள்ள வா, உட்காரு, சாப்பிடுன்னு ஒரே உபசாரம். வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தேங்காயைத் துருவச் சொல்லிடுவாங்க, அது வேற!”

டிமோனாவில் அக்கா தங்கை இருவர். அம்மாவின் அரிவாள்மனை யாருக்கு என்ற தகராறில் பேச்சு நின்று வருடங்கள் ஆகின்றன. லேயா ஒரே அரிவாள்மனையை இரண்டு முறை வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தார். இப்போது எது நன்றாக வந்திருக்கிறது என்பதில் தகராறு. ஆனால் பேசிக்கொள்கிறார்கள்.

ஓர் அத்தை குடிபெயர்ந்தபோது விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, “இது என்ன ஆயுதம்?” என்று கேட்டாராம். அத்தைக்கு ஹீப்ரு தெரியாது. கவுன்ட்டர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, இல்லாத தேங்காயைத் துருவிக் காட்டினாராம். பின்னால் நின்ற வரிசை கைதட்டியதாம். (நான் நேரில் பார்க்கவில்லை. அதனால்தான் இத்தனை ‘ஆம்’.)

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அண்ணன் தூங்குகிறார், பயணக் களைப்பு. லேயா குரலைத் தாழ்த்தினார்.

“ஆள் கிடைக்கலைன்னா என்னையே சேத்துக்கோன்னு தாதாகிட்ட கேட்டுட்டேன். காலையில, ரொட்டி சாப்பிடறப்ப.”

தாதா என்றால் மராத்தியில் அண்ணன். நம் சினிமாவில் சுமோவில் வந்து இறங்குபவர் அல்ல.

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. மாட்டேன்னும் சொல்லல.” மையைத் தொட்டு விரலாலேயே ஒரு கோடு இழுத்தார். “எங்கப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் சோறு போட்டு, மருந்து கொடுத்து, முகச்சவரம் பண்ணிவிட்டது நான். அந்த ரூம்ல நான் ஒரு ஆள்னு தாதா ஒரே ஒரு தடவை சொல்லிட்டாப் போதும். இன்னிக்கு சொல்லுவான்னு தோணுது.”

என் போன் அடித்தது. கசார்வாடியில் ஆட்டோ பார்ட்ஸ் ஷெட் ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் செல்வராஜ். அப்பா காலத்திலேயே வேலூரிலிருந்து வந்த குடும்பம்.

“சார், நீங்க கேட்ட மாதிரி ஒரு ஆளு நம்ம ஷெட்லயே கீறான். வெளிநாட்லேந்து மெஷின் மாட்ட வந்தவன், பேரு ஈத்தன். கேன்டீன்ல சிக்கன் பிரியாணி கூட தயிர் வெங்காயம் வச்சா பிளேட்டையே தள்ளிடறான். ‘க்யா பாய், டாக்டர் வேணாம்னாரா?’ன்னு கேட்டேன். ‘மோசஸ் வேணாம்னாரு’ங்கறான். எந்த ஆஸ்பத்திரி டாக்டர்னு தெரியல. கேட்டுச் சொல்லவா?”

“கேட்க வேண்டாம். சாயங்காலம் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்!”

போனை வைத்துவிட்டு, “பத்து!” என்று கத்தினேன். பேப்பர் அச்சுக்குப் போகும் நேரத்தில் முதல் பக்கச் செய்தி சிக்கினால் எப்படிக் கத்துவோமோ, அப்படி.

லேயா மை விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, “நல்லது” என்றார். பிரஷ்ஷைக் கழுவ எழுந்து போனார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

என் சத்தத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. தோளில் துண்டோடு டேனியல். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. “ஆனா எண்ணாதீங்க” என்றார். “மனுஷங்களை எண்ணக் கூடாது.”

பிறகு எப்படித் தெரியும், பத்து ஆயிற்றா இல்லையா என்று?

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேதத்தில் சங்கீதம் என்ற பகுதியில் ஒரு வசனம் உண்டு; ஹீப்ருவில் சரியாகப் பத்து வார்த்தை. ஆளுக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வசனம் முடிந்தால் ஆள் நிறைந்தது. நம் ஊரில் நெல் அளக்கிறவர் ‘ஒன்று’ என்பதற்கு ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார், இல்லையா? உலகம் முழுக்க மனிதர்கள் எண்ணிக்கைக்குப் பயந்து ஏதோ ஒரு சுற்றுவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அரசியல் கட்சிகள்தான் பயப்படாமல் கூட்டத்தை எண்ணுகின்றன... அதையும் மாற்றி மாற்றி.

மாலை ஐந்தேமுக்காலுக்கு ஏழாவது மாடி நிறைந்திருந்தது. ஏரவாடாவிலிருந்து இருவர், கேம்ப்பிலிருந்து மற்றவர்கள். தலையில் சின்னக் குல்லாய், வாயில் மராத்தி, எல்லாருக்கும் முழங்கால் வலி. சமையலறையில் மீனாவும் லேயாவும் பிரசாதம் மாதிரி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள்: ஊறவைத்த அவல், சர்க்கரை, தேங்காய்த் துருவல். “எங்க ஊரு இனிப்பு அவலேதானுங்க இது!” என்று மீனா அறிவிப்பது ஹாலுக்குக் கேட்டது.

அஸ்தமனம் 6:31 என்றது செல்போன்.

6:05. ஈத்தன் வரவில்லை.

6:11. செல்வராஜ் போன் செய்தார். பழைய மும்பை ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றுவிட்டது. “ஆகே பீச்சே போக முடியல சார். இவன் இறங்கி ஓடிடறேங்கறான், நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்.”

6:17. பெரியவர்களில் ஒருவர் டீ கிடைக்குமா என்று கேட்டார்.

6:20. டேனியல் எழுந்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளிச்சம் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மேல் மட்டும் இருந்தது. தன் மார்பில் கை வைத்து முதல் வார்த்தையைச் சொன்னார். பிறகு ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு, ஆளுக்கு ஒரு வார்த்தை. அவசரப்படவில்லை. டீ கேட்டவருக்கு ஒன்பதாவது வார்த்தை.

நின்றார்.

லேயா சமையலறை வாசலுக்கு வந்திருந்தார். விரல்களில் தேங்காய்த் துருவல். அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். பின்னால் மீனா கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

டேனியல் தங்கையைப் பார்த்தார். பெரியவர்களைப் பார்த்தார். மறுபடி தங்கையைப் பார்த்தார். சமையலறை வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தார். கையைத் தூக்கினார். உதடு பிரிந்தது.

அழைப்பு மணி அடித்தது.

கதவுக்கு மிக அருகில் நின்றிருந்தவன் நான். திறந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஈத்தன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். பத்தாவது வார்த்தை அவருக்குப் போயிற்று.