பெரிய ஃபில்டர்

வீட்டோடு மாப்பிள்ளை என்று அஷ்வத்தை யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மல்லேஸ்வரத்துக்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில், வாடகை வீடு அமையும் வரைக்கும் என்று சொல்லி மாமனார் வீட்டு மாடியறையில் பெட்டிகளை இறக்கியவன், முன்நெற்றி ஏறிக் கண்ணாடியும் போட்ட பிறகு அதே மாடியறையில்தான் இருக்கிறான். வீடு அமையாமல் இல்லை. கார் விடவில்லை.

கார் மாமனார் சந்தானத்துடையது. பொதுப்பணித் துறை அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கிய வெள்ளைக் கார் அது. கண்ணில் புரை எடுத்தும் பார்வை சரியாகத் திரும்பாததால் அவர் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, டாக்ஸியில் போகலாம், ஆட்டோவில் போகலாம் என்றால் மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். ஊர் பேர் தெரியாதவன் ஓட்டுகிற வண்டியில் அவர் ஏறமாட்டாராம். பஸ்ஸில் மட்டும் ஏறுவார். அது சர்க்கார் வண்டி, அதில் தோஷமில்லை. ஆகவே கோயில், கல்யாணம், டாக்டர், துக்கம் விசாரிப்பது என்று எல்லாவற்றுக்கும் சாவி மாப்பிள்ளை கைக்கு வந்து சேர்ந்தது. சம்பளமில்லாத டிரைவர், மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

வார நாட்களில் அவனுக்கு வைட்ஃபீல்டில் ஆபீஸ். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, எவனோ ஒருவனுடைய பை விலாவில் குத்த, கையை அசைக்க இடமில்லாமல் நின்றபடியே போய்ச் சேருவதற்குள் ஒரு நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடும். திரும்பி வந்தால் வாசலிலேயே, “வந்துட்டேளா மாப்பிள்ளை? சித்த பல் டாக்டர் வரைக்கும் போயிட்டு வந்துடலாமா?” மூச்சு முட்டியது. அதை யாரிடம் சொல்வது? மாமனார், மாமியார் இரண்டு பேருமே நல்லவர்கள். மாமியார் ஜகதாம்பாள் அவனுக்குப் பிடிக்கும் என்று வாரம் தவறாமல் வத்தக்குழம்பு வைப்பாள். நல்லவர்களிடமிருந்து தப்புவதற்கு எந்தக் காரணமும் கிடைப்பதில்லை.

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் மமதா தன் ஃப்ளாட்டைக் காலி செய்யப் போவதாகச் சொன்னாள். ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம். அவன் போய்ப் பார்த்தான். பால்கனியில் நின்றான். “எங்கே கிளம்பிட்டேள்?” என்று ஒரு குரலும் கேட்கவில்லை. அந்த நிசப்தத்திலேயே அவன் மனசு விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள் மமதா.

மனைவி ஸ்ரீவித்யாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இந்த வண்டி ஓடற வரைக்கும் அப்பா வேற வண்டில ஏறமாட்டார், அஷ்வத். ஓட்டறதுக்கு நீ வேணும். வண்டி நின்னு போச்சுன்னா அவரும் ஆட்டோவுக்குப் பழகிண்டுடுவார். அன்னிக்கே கிளம்பிடலாம். ஆய்த்தா?”

அன்றிலிருந்து அவன் காரைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிட்டது. படுக்கையில் கிடக்கும் பணக்காரப் பெரியப்பாவை வாரிசு பார்க்கிற பார்வை. பெரியப்பாவோ நாளுக்கு நாள் தெம்பாகிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை சந்தானம் பஸ்ஸில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு போய் ஒரு புது ஆயில் ஃபில்டர் வாங்கி வந்தார். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பக்கத்தில் வீட்டிலிருந்த இரண்டு காபி ஃபில்டர்களையும் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்.

“இப்படி உக்காருங்கோ மாப்பிள்ளை. இந்தக் குட்டி ஃபில்டர்ல நாலு பேருக்கு டிகாஷன் போட்டா என்ன ஆறது? பொடி மூச்சு முட்டிப் போயி, சொட்டுச் சொட்டா கசந்துண்டு இறங்கறது. அதையே பெரிசுல போட்டா? கமகமன்னு இறங்கறதா இல்லையா? இன்ஜினுக்கும் அதே கதைதான். கோவிந்தப்பா இத்தனை நாளா குட்டி ஃபில்டரப் போட்டு என் வண்டி கழுத்த நெறிச்சிண்டிருக்கான்.”

கோவிந்தப்பா ஒக்கலிபுரத்து மெக்கானிக். மகளைப் பார்க்கத் துமகூரு போயிருந்தார். அதனால் தப்பித்தார். வேலை மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

“பெரிசுல கொஞ்சமா பொடி போட்டா வெறும் தண்ணியா ஓடிடும். அதையும் சேத்துச் சொல்லுங்கோ” என்றாள் ஜகதாம்பாள், அடுப்படியிலிருந்து.

“நீ சும்மா இரு. இது மெக்கானிக்கல்.”

சந்தானம் சொன்னதில் பாதி சரிதான். ஆயில் ஃபில்டர் உயரமாக இருந்தால் குற்றமில்லை. இன்னும் கொஞ்சம் அழுக்கைப் பிடித்துவைக்கும், கொஞ்சம் எண்ணெய் கூடக் கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. இன்ஜினில் அதற்கென்று கடைந்து வைத்த இடத்தில் அது அச்சாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் எண்ணெய் அந்த வழியாகவே வெளியே நடந்துவிடும். காபி ஃபில்டருக்கு அந்தக் கவலை கிடையாது.

பழைய எண்ணெயை இறக்கிவிட்டு, காருக்கடியில் மல்லாந்து படுத்து அஷ்வத் புது ஃபில்டரை வைத்துப் பார்த்தான். மரை ஏறியது. வளையம் மட்டும் உட்காரும் இடத்தைவிட அகலமாக இருந்து, ஓரத்தில் பாதி வெளியே நின்றது. பார்த்தவுடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலையை வெளியே நீட்டினான்.

“மாமா, இந்த ரப்பர் கொஞ்சம் பெரிசா இருக்கோன்னு...”

“பெரிசுதானே கேட்டு வாங்கிண்டு வந்திருக்கேன்!”

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். இழுத்துக் காட்டியிருக்கலாம். சொல்லியாகிவிட்டது, என் மேல் தப்பில்லை என்று மனசுக்குள் கையைக் கழுவிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனான். முகத்துக்கு நேரே இன்ஜின், முதுகுக்குக் கீழே சிமெண்டு. புரள இடமில்லாத அந்த இடத்தில் அவனுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். ஃபில்டரைக் கை கொண்டமட்டும் இறுக்கினான். வெளியே வந்து புது எண்ணெயை ஊற்றி, வண்டியைக் கிளப்பிப் பார்த்தான். அப்போதைக்கு ஒன்றும் ஒழுகவில்லை. சாயங்காலமே மமதாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டான்: நாங்கள் வருகிறோம்.

மறுநாள் சாம்ராஜ்பேட்டையில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். முன்சீட்டில் பட்டு வேட்டியோடு சந்தானம், பின்சீட்டில் தாம்பாளத்தோடு அம்மாவும் பெண்ணும். ஒக்கலிபுரம் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் எல்லாம் நின்றது. முன்னால் பஸ், பின்னால் டெம்போ, இரண்டு பக்கமும் இடைவெளியே இல்லாமல் ஸ்கூட்டர்கள். கதவைத் திறக்கக்கூட வழியில்லை.

“பெரிய ஃபில்டர் போட்டப்புறம் சத்தமே இல்ல பாத்தேளா” என்றார் சந்தானம்.

சூடான எண்ணெய் வாடை வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது. பிறகு எரிந்தது எரிந்தபடியே நின்றது. சந்தானத்தின் கண்ணுக்கு அது எட்டாது. அஷ்வத்துக்கு மட்டும் தெரிந்தது. இன்னும் சற்று நேரம் சும்மா இருந்தால் போதும். அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. பால்கனியை நினைத்துக்கொண்டான்.

அப்போது இன்ஜினுக்குள்ளிருந்து டக் டக்கென்று வறண்ட சத்தம் கிளம்பியது. எண்ணெயில்லாமல் இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். இத்தனை வருஷம் மழையிலும் மேட்டிலும் இந்த இன்ஜினுக்குக் காது கொடுத்தே ஓட்டியவன். அவனால் தாங்க முடியவில்லை. தன்னையறியாமல் கை போய்ச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டது. அணைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

“சார், ஆயில் சோர்தா இதே, நோடி!” என்று பக்கத்து ஸ்கூட்டர்காரர் கீழே கையைக் காட்டினார். தார் ரோட்டில் எண்ணெய் குட்டையாகத் தேங்கியிருந்தது.

“பாத்தியா வித்யா!” சந்தானத்துக்கு ஒரே பெருமை. “லைட்டு எரிஞ்சிருக்கும், உடனே ஆஃப் பண்ணிட்டார். இன்னொருத்தனா இருந்தா இன்ஜின் கோவிந்தா. மாப்பிள்ளை இருக்கற வரைக்கும் இந்த வண்டிக்குச் சாவே கிடையாது.”

அஷ்வத்துக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான்.

முன்னால் பஸ் நகர்ந்து கொஞ்சம் வழி விட்டபோது பக்கத்தில் ஒரு காலி ஆட்டோ வந்து நின்றது. முகூர்த்தம் தப்பிவிடும் என்று சந்தானம் இறங்கினார். யாரும் கெஞ்சவில்லை, அவரே ஏறினார். ஏறி, மனைவிக்கு இடம் விட்டு நகர்ந்தும் உட்கார்ந்தார். “காத்து நன்னா வரது, ஜகதா” என்று அவர் சொல்வது அஷ்வத்தின் காதில் விழுந்தது. “வித்யா, நீ மாப்பிள்ளைக்கு ஒத்தாசையா இரு, நாங்க போய்க்கறோம்.” ஆட்டோ போயே போய்விட்டது.

அஷ்வத் பின்சீட்டுப் பக்கம் திரும்பினான்.

“பாத்தியா ஸ்ரீ? உங்கப்பா ஆட்டோல ஏறிட்டார். ஒரு பேச்சு பேசல! வண்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? மமதாகிட்ட வரோம்னு சொல்லிட்டேன். நாம போலாம்.”

அவள், அவசரத்தில் அம்மா மறந்து விட்டுப்போன தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா ஏறுவார்னு எனக்குத் தெரியும். போன மாசம் என்கூட பேங்குக்கு ஆட்டோலதான் வந்தார்.”

“அப்ப ஏன் வண்டி வண்டின்னே?”

“எனக்குத்தான் போக இஷ்டமில்ல, அஷ்வத். என் ஸ்கூல் வேலை இங்க இருக்கு, அம்மா இங்க இருக்கா. உன் மூஞ்சியப் பாத்து அதச் சொல்ல முடியல. வண்டி மேல பழியப் போட்டேன். நீ இவ்வளவு நன்னா பாத்துக்கறே, அது எங்க நிக்கப் போறதுன்னு நெனச்சேன்.”

கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான். வரவில்லை. அவள் வண்டியின் மேல் பழியைத்தான் போட்டாள். அவன் அதைக் கொல்லவே பார்த்தான். இனிமேல் வண்டி இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

பின்னாலிருந்த டெம்போக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. அஷ்வத் இறங்க, ஸ்ரீவித்யா அவன் இடத்துக்கு மாறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவன் எண்ணெயில் கால் வழுக்காமல் பார்த்து வைத்து, பின்னாலிருந்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.