பத்தாவது தலையின் பேஸ் கிடார்

பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு திண்டுக்கல் வட்டாரத்தில் எந்த மேடையில் ஏறினாலும் கீழேயிருந்து ஒருவர் கேட்பார்: "மிச்சம் ரெண்டு கம்பி எங்கப்பா?" கேட்கிறவருக்குக் கம்பிக் கணக்கு மட்டும் அத்துப்படி. சின்னக்கண்ணு பதினாறு வருடமாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார். முதல் வருடம் விளக்கினார், ஆறு கம்பிக் கிடார் வேறு, இது வேறு வாத்தியம், நாலு கம்பிதான், அடிச்சுருதி வாசிக்கிறது என்று. அடுத்த வருடம் சிரித்தார். இப்போதெல்லாம் "அத்துப் போச்சுண்ணே" என்கிறார். கேட்டவர் திருப்தியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

சின்னக்கண்ணுவுக்கு நாற்பத்து மூன்று வயது. பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் வேலை. முகூர்த்த நாட்களிலும் திருவிழாக்களிலும் அழகுராஜாவின் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். குறைந்தபட்சம், தான் வாசிப்பதாகத்தான் அவர் போன சித்திரை வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய முதல் கிடார் ரத்தச் சிவப்பு. மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கியது. கிடார் வாங்கப் போகிறவர்கள் அதன் கழுத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் நோட்டம் விட வேண்டும். சின்னக்கண்ணு பார்த்தது நிறத்தை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்து வாழைப்பழம். ஐந்தாம் கட்டத்துக்கு மேல் கம்பியை அமுக்க ஆள் கூப்பிட வேண்டும். கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, அதை முடுக்கினால் நிமிரும் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் முடுக்கக் கூடாது என்பதை அந்த யாரோ சொல்லவில்லை. சின்னக்கண்ணு ஸ்பானரை எடுத்து, சைக்கிள் சக்கரம் மாட்டுகிற வேகத்தில் மூன்று சுற்று முடுக்கினார். உள்ளே 'டக்' என்றது. அன்றிலிருந்து சிவப்புக் கிடார் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவர் மனைவி முத்துப்பேச்சி அதில் ஈரத்துண்டு காயப் போடுகிறார். அந்தக் கிடாரால் இந்த உலகத்துக்குக் கிடைத்த ஒரே பலன் அது.

இரண்டாவது கிடார் மரக்கலர். சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அழகில்லை, பழுதுமில்லை.

கற்றுக்கொண்ட கதை இன்னும் கேவலம். செல்போனைத் திறந்தால் 'முப்பதே நாளில் பேஸ்' என்று ஒருவன் கட்டைவிரலால் கம்பியைச் சாத்து சாத்தென்று சாத்துகிறான். அதைப் பார்த்து இந்த ஊரில் தொடங்கிய பையன்கள் எல்லாருமே இரண்டாவது வாரம் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, மூன்றாவது வாரம் கிடாரை விற்பனைக்குப் போட்டுவிட்டார்கள். சின்னக்கண்ணு கற்றது தோல் ஷாப் டிரம்மிடம். வீடு அளவுக்கு மரப்பீப்பாய் ஒன்று. உள்ளே தோலும், அதைப் பதப்படுத்த மரப்பட்டை ஊறிய தண்ணீரும். மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே தோல் மூட்டையாக விழும்: தொப். அதன் பக்கத்தில் நின்றால் வருகிற வாடைக்கு மூக்கு தானே மூடிக்கொள்ளும். ஆனால் காலம் தப்பாது. ஒரு தொப்புக்கும் அடுத்த தொப்புக்கும் நடுவில் சரியாக எட்டுத் தட்டு விழும்படி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாற்றி மாற்றி, இடுப்பு ரப்பர் ஏப்ரனில் தட்டிக்கொண்டே இரண்டு வருடம் நின்றார். வேகமாக வாசிக்க ஆசைப்பட்டு அவசரப்பட்டபோதெல்லாம் டிரம் அவரைச் சட்டை செய்யவில்லை. பேஸ் வாசிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நாற்றம் இல்லாமல் வேண்டுமென்றால் செல்போனில் காலம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோம் கிடைக்கும். அதை யாரும் போடுவதில்லை.

ஆக, ஆளுக்குத் தாளம் இருந்தது, கிடார் இருந்தது. தோளில் மாட்ட வார் சரியில்லை. பேஸ் கனமான சாமான். கடையில் தருகிற ஒற்றை விரல் நாடாவில் மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் மறுநாள் தோள்பட்டை வேறு ஆளுடையதாகிவிடும். அகல வார் வேண்டும். தோலிலேயே புழங்குகிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று, போன பங்குனியில் ஷாப்பில் ஓரமாகக் கிடந்த துண்டு ஒன்றை நாலு விரல் அகலத்துக்கு அறுத்து, மொட்டை மாடியில் காயவைத்து, ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார். அது பாதிப் பதம் மட்டுமே ஏறிய தோல். தோல் ஷாப்பில் பத்தொன்பது வருடம் இருந்தவருக்கு அது தெரியும். காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அவர் மூக்கு எந்த வாடையையும் வாடையாக எடுத்துக்கொள்வதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

சித்திரை மாதம், ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் வரவேற்புக் கச்சேரி. மின்விசிறி ஓடியும் புழுக்கம். இரண்டாவது பாட்டிலேயே சின்னக்கண்ணுவின் வியர்வை வாரில் இறங்க, வாருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த கௌசல்யா சரணத்தில் மூச்சு இழுக்கிற இடத்தில் இழுக்காமல் விட்டார். பாட்டு முடிந்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு, குழுத் தலைவரும் கீபோர்டுக்காரருமான அழகுராஜாவிடம் போனார்.

"அண்ணே, மேடைக்கு அடியில ஏதோ செத்துக் கெடக்குண்ணே."

அழகுராஜா மோப்பம் பிடித்தபடி நடந்து வந்து சின்னக்கண்ணு முன்னால் நின்றார். "அப்பு, அந்தச் சனியன் உன் தோளுலதான் கெடக்கு. செத்த நேரம் கீழ மிக்ஸர்கிட்டப் போய் நில்லு. வயர் நீளமாத்தான இருக்கு?"

ஒவ்வொரு வாத்தியத்தின் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மிக்ஸர் மேஜை மண்டபத்தின் ஓரத்தில் இருந்தது. அதை ஓட்டுபவர் அஸ்பாக், சவுண்ட் சர்வீஸ்காரர், முப்பது வயது. சின்னக்கண்ணு வாசித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். வெள்ளை டேப்பில் வரிசையாகப் பேர் எழுதியிருந்தது: பாடகி, கீபோர்டு, லேப்டாப், பேஸ். பேஸ் என்ற பேருக்கு மேலே இருந்த குமிழ் அடி மட்டத்தில் கிடந்தது.

"தம்பி, இது கீழ கெடக்கே?"

"அது அப்படித்தாண்ணே கெடக்கும்."

"எப்பருந்து?"

"நான் இந்தக் குழுவுக்கு வந்து மூணு வருசம். அதுக்கு முன்னாடி எப்படின்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"அப்ப இந்த உறுமல்?"

"அது லேப்டாப்புல பதிஞ்சு வச்சதுண்ணே."

சின்னக்கண்ணு கம்பியிலிருந்து விரலை எடுத்தார். உறுமல் நிற்கவில்லை. பாட்டு அவர் இல்லாமலே அழகாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஆம்ப் என்கிற சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் வாசித்தால் பாட்டுக்கு நாலு தப்பு வரும், மேடையில் ஒரு தப்பும் வந்ததில்லை என்று முத்துப்பேச்சியிடம் பெருமையடித்த நாட்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கூட்டத்தைப் பார்த்தால் கை தானாகச் சரியாகிவிடும் என்று அதற்கு விளக்கம் வேறு சொல்லியிருந்தார்.

கச்சேரி முடிந்து, பந்தியில் உட்கார்ந்து பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்த அழகுராஜாவிடம் கேட்டார். அழகுராஜாவுக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"அப்பு, திருவிழாக் கமிட்டிக்காரன் பாட்டையா கேக்குறான்? மேடையில தலைய எண்ணுறான். பத்துப் பேருன்னு பேசி வாரோம், பத்துப் பேரு நிக்கணும். நீ பத்தாவது. அந்த டிரம்ஸ் தம்பி ஒன்பதாவது. அவன் தட்டுற எலக்ட்ரானிக் பேடுக்கு வயரே கெடையாது, போய்ப் பாரு."

"பதினாறு வருசம்ணே."

"பதினாறு வருசமா ஒரு குறை வந்துச்சா? இந்தா, ஒரு பீஸ் வச்சுக்க."

இந்த எண்ணுகிற வழக்கம் பொய்யில்லை. கச்சேரி தொடங்குமுன் கமிட்டியில் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து, ஆட்டை எண்ணுவது போல விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் போவார். பத்து வந்தால் கச்சேரி நல்ல கச்சேரி.

சின்னக்கண்ணு அந்தக் கறித்துண்டைத் தின்னவில்லை. "ஆத்தூர்த் திருவிழால ஒரே ஒரு பாட்டுக்கு என் சத்தத்த ஏத்தி விடுங்கண்ணே. அதுக்கப்புறம் எண்ணிக்கிருங்க" என்றார். ஏற்றினால் லேப்டாப்போடு மோதும் என்று அழகுராஜா மறுத்துவிட்டார். ஆனாலும் சின்னக்கண்ணு ஆயத்தமானார்.

முதலில் வாரைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, பழைய காருடைய சீட் பெல்ட்டை வெட்டி மாட்டினார். அகலம், பலம், வாடை இல்லை. பிறகு கம்பிகள். பேஸ் கம்பியை எட்டு வருடம் மாற்றாவிட்டால் அது கம்பியாக இருப்பதில்லை. சுற்றியிருக்கிற வரிகளுக்குள் விரல் அழுக்கு, எண்ணெய், கல்யாணப் பந்தி மசாலா எல்லாம் ஏறி, தட்டினால் 'பொத்' என்னும். புதுக் கம்பி வாங்குவதே நல்லது. முடியாதவர்கள் கழற்றி, வெந்நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரம் போகத் துடைத்துக் காயவைத்து மாட்டலாம். சில வாரத்துக்கு உயிர் வரும். சின்னக்கண்ணு கொதிக்கவிட்டார். சோறு வடிக்கிற சட்டியில்.

முத்துப்பேச்சி அடுப்படிக்குள் வந்தபோது சட்டியில் நாலு கம்பி சுருண்டு கிடந்து, மேலே சாம்பல் நிறத்தில் நுரை ஏறி, ஓரத்தில் கருப்பாக ஏதோ மிதந்தது.

"என்னய்யா இது, ரசமா?"

"கம்பி."

"இம்புட்டு அழுக்கையும் தொட்ட கையாலதான் எட்டு வருசமா எனக்குத் திருநீறு பூசி விட்டியா?"

சட்டி அன்றே வாசலுக்குப் போனது.

ஆத்தூர்த் திருவிழாவில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கச்சேரி. எண்ணினார்கள், பத்து வந்தது. நாலாவது பாட்டு பாதியில் இருக்கும்போது கமிட்டிக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் போய், தன் செல்போனுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று மின்சாரப் பெட்டியிலிருந்து ஒரு பிளக்கைப் பிடுங்கினார். லேப்டாப்பும் கீபோர்டும் அந்தப் பிளக்கில்தான் உயிர் வாழ்ந்தன. லேப்டாப்பின் பேட்டரி செத்து நாளாகியிருந்தது.

டிரம்ஸ் நின்றது, வயலின் நின்றது, தபேலா நின்றது. டிரம்ஸ் தம்பி மட்டும் சத்தம் நின்றது தெரியாமல் இன்னும் இரண்டு அடி அடித்தான். கௌசல்யா மைக்கும் கையுமாகச் சரணத்தின் நடுவில் தனியாக நின்றார். ஜனம் விசிலடிக்க வாயில் விரலை வைத்தது.

சின்னக்கண்ணு மேடையிலிருந்து அஸ்பாக்கைப் பார்த்தார். அஸ்பாக் அவரைப் பார்த்தார். குமிழ் மேலே போயிற்று.

விறைத்துப்போன முதல் சுரம் ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து கிளம்பி, கமிட்டிப் பந்தலில் இருந்த டீ டம்ளர்களை ஆட்டியது. சின்னக்கண்ணு ஒரு வித்தையும் காட்டவில்லை. மூலச் சுரம், அதற்கு ஐந்தாவது, மறுபடி மூலம். ஒரு தொப்புக்கு எட்டு. கௌசல்யா அதைப் பிடித்துக்கொண்டு சரணத்தை எடுத்தார். இரண்டாவது வரியில் சின்னக்கண்ணு ஒரு கட்டம் தள்ளி வைத்து இடறினார், சரி செய்தார். பல்லவிக்கு வந்தார்கள். அந்தப் பல்லவி நன்றாக இருந்தது. ஒன்றரை நிமிடம்.

பந்தலில் கமிட்டித் தலைவர் ஆடுகிற டம்ளரைக் கையால் பிடித்தார். "ஏலே, ஜெனரேட்டரு உறுமுதுடா. வெடிச்சுரப் போகுது, போய் அமத்துங்கடா!"

இரண்டு பேர் ஓடிப்போய் அணைத்தார்கள். மைக், பெட்டி, சீரியல் பல்பு, ராட்டினம் எல்லாம் ஒன்றாகப் படுத்தன. பதினாறு வருடத்தில் முதல்முறையாகத் தன் வாசிப்பு ஊர் காதில் விழுந்த கலைஞனுக்கு ஊர் செய்த மரியாதை அது. அந்த மங்கலில் கௌசல்யா திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அது நீங்களா?"

"எது?"

"என்னைய விழுகாமப் பிடிச்சுக்கிட்டே வந்துச்சே."

"ஒரு எடத்துல இடறிருச்சும்மா."

"ஆமா, கேட்டுச்சு."

மறுநாள் அழகுராஜா போன் செய்தார். ஜெனரேட்டரைக் கெடுத்த குழு என்று கமிட்டி பேசுகிறதாம். இனிமேல் சின்னக்கண்ணு வர வேண்டாம். பத்தாவது தலைக்குத் தன் மச்சினனைக் கூப்பிட்டுக்கொள்கிறாராம். "ஆனா அவன்கிட்டக் கிடார் இல்ல அப்பு. உன்னோடத மட்டும் குடுத்து விடு."

இந்த இடத்தில் மனிதனுக்குக் கோபம் வர வேண்டும். சின்னக்கண்ணு சரி என்றார். சுவரிலிருந்து ஈரத்துண்டை எடுத்துவிட்டு, சிவப்புக் கிடாரை இறக்கி, அதில் மிச்சமிருந்த துருக்கம்பி நாலையும் கழற்றிவிட்டு, உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மச்சினன் ஆறு கச்சேரி வாசித்துவிட்டார். ஏழாவதுக்குச் சின்னக்கண்ணுவே போய்க் கூட்டத்தில் நின்று பார்த்தார். கமிட்டிக்காரர் வந்து பத்து எண்ணினார். கம்பியே இல்லாத கிடாரில் மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். மிச்சம் கம்பி எங்கே என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர் சின்னக்கண்ணுவை இடித்துச் சொன்னார்: "செவப்புக் கிடார்க்காரன் பாத்தீகளா? ஒரு தப்பு வரல!"

ஆவணியில் கௌசல்யா அழகுராஜா குழுவை விட்டு வந்துவிட்டார். நாகல் நகரில் ஒரு காதுகுத்து. "எத்தன பேரு வாரீக?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "மூணு பேருதாண்ணே, ஆனா மூணு பேருமே வாசிப்போம்" என்றிருக்கிறார். தபேலாவுக்கு ஒருவர், பேஸுக்குச் சின்னக்கண்ணு. ஆம்பைப் பின்னால் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார், காதுக்கு நேராக. இனி வேறு யாருடைய உறுமலையும் தன்னுடையது என்று நம்பப் போவதில்லை. சாப்பாடு முடிந்து பல் குத்திக்கொண்டிருந்த ஒருவர் கிட்டே வந்தார்.

"தம்பி, மூணாவது பாட்டுல ஒரு எடத்துல கீழ போய்ட்டு வந்தீகளே, தப்புத்தான அது?"

சின்னக்கண்ணு வீட்டுக்கு வந்து இதை முத்துப்பேச்சியிடம் மூன்று தடவை சொன்னார். அந்த ஆள் நின்ற விதம், பல் குத்திய விதம், 'தப்புத்தான அது' என்று இழுத்த விதம் எல்லாம் நடித்துக் காட்டினார்.

"தப்பா வாசிச்சுட்டு வந்து இம்புட்டுச் சிரிப்பா?" என்றார் முத்துப்பேச்சி. "நாளைக்கு மொத வேலையா எனக்கு ஒரு சோத்துச் சட்டி வாங்கிட்டு வாய்யா."