கேஸ் ப்ராப்பர்ட்டியின் பெயர் ரோசி

போன மாதம் எங்கள் ஊர் போலீஸ் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு போனது.

சிரிக்காதீர்கள். கைவிலங்கு மாட்டாததுதான் பாக்கி.

குதிரையின் பெயர் ரோசி. கொடைக்கானல் ஏரியைச் சுற்றி டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு போகும் செவலைக் குதிரை. சொந்தக்காரர் சவரிமுத்து, எங்கள் தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் இருக்கிறார். அதே தகரத்தின் நீட்டலில் ரோசி. நடுவில் ஒரு சாக்குத் திரை மட்டும். ரோசி தும்மினால் சவரிமுத்து எழுந்துகொள்வார்.

மே மாதம், சீசன் உச்சம். சென்னைக்காரர் ஒருவர் ரோசி மேல் ஒரு ரவுண்டு போய் இறங்கினார். லாட்ஜ் அறைக்குத் திரும்பிப் பார்த்தால் டிஜிட்டல் கேமராவைக் காணோம். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால்… குதிரை மேல்! போதாதா?

மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். சவரிமுத்து வாசலில் ஜீப் நின்றது. ஏரிப் பக்கத்து அவுட்போஸ்ட்டுக்குப் புதிதாக வந்த எஸ்.ஐ., ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கியபடி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். ஏட்டு வேலுச்சாமி உள்ளே அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கம்பளிகள் வாசலில். மாதா படம்கூடத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. பத்தி எழுதுகிறவன் வேறு. சும்மா இருப்பேனா?

"வாரன்ட் இருக்கா சார்?"

"அவசரம்னா வாரன்ட் இல்லாமலே நுழையலாம் சார்" என்றார் எஸ்.ஐ.

"நுழையலாம். என்ன அவசரம்னு முதல்ல எழுதி வெச்சிருக்கணுமே?"

"எழுதிடுவோம்."

எழுதிடுவோம்! சாப்பிட்ட பிறகு இலை போடுகிற மாதிரி.

கேமரா கிடைக்கவில்லை. பானையில் அரிசி இருந்தது, சாக்கில் கொள்ளு இருந்தது, அவ்வளவுதான். இத்தனை பேர் பார்க்க வெறும் கையோடு எப்படித் திரும்புவது? எஸ்.ஐ. சுற்றுமுற்றும் பார்த்தார். திரைக்கு அந்தப்புறமிருந்து ரோசி எட்டிப் பார்த்தாள்.

"சம்பவம் எங்க நடந்திருக்கு? குதிரை மேல. அப்ப குதிரைதான் முக்கியத் தடயம். ஏத்துங்க."

"ஏத்துறதா? ஜீப்புலயா சார்?" என்றார் ஏட்டு, பரிதாபமாக.

இந்தக் கணக்குப்படி ஏரியையும் அல்லவா கைப்பற்ற வேண்டும்?

சவரிமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயா, சீசன் டயம்ங்க. இப்ப ரோசி ஓடுனாத்தான் அடமழைக்கு எங்க வீட்ல அடுப்பெரியும். வேணும்னா என்னையக் கூட்டிட்டுப் போங்க. அதை விட்டுருங்க."

"கோர்ட்ல மனுப் போட்டு வாங்கிக்க."

சட்டத்தின் அனுமதியில்லாமல் ஒருவனுடைய சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது நம் அரசியல் சாசனம். சொத்து என்றால் மாளிகையும் தோட்டமும் மட்டும்தானா? கொள்ளு தின்கிற சொத்தும் சொத்துதானே? இதை நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். எஸ்.ஐ. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார் விவரமா பேசுறீங்க. கைப்பற்றுன மகஜர்ல சாட்சி போட உள்ளூர்ல மதிப்பான ஆளுங்க ரெண்டு பேர் வேணும். ஒண்ணு நீங்களே போடுங்க."

மதிப்பான ஆள்! என் வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. பால்காரரை இன்னொரு மதிப்பான ஆளாக்கினார்கள். ஆனால் நான் லேசில் கையெழுத்துப் போடவில்லை. 'செவலை நிறக் குதிரை ஒன்று' என்று இருந்த இடத்தில் 'நல்ல உடல்நிலையில்' என்று சேர்க்கச் சொன்னேன். நகல் ஒன்றைச் சவரிமுத்து கையில் கொடுக்கவும் வைத்தேன். எஸ்.ஐ. யோசிக்காமல் எழுதிவிட்டார். பாவம், தலைமேல் என்ன ஏறுகிறது என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

சவரிமுத்து கயிற்றை ஏட்டு கையில் கொடுத்தார். "ஏட்டையா, ராவைக்குச் சாக்கைப் போத்தி விடுங்க. கொள்ள ஊறப் போட்டுக் குடுங்க. சும்மா கட்டிப் போட்றாதீங்க, வெள்ளனே ஒரு நடை நடக்க வைக்கணும்…" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அவுட்போஸ்ட் வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தக் காலத்திலோ கைப்பற்றிய பைக்குகள் கெடக்கும். கொடி படர்ந்து பூவே பூத்துவிட்டது. பைக் பசிக்கிறது என்று சொல்லாது. ரோசி சொன்னாள். எஸ்.ஐ. ஆசையாக வைத்திருந்த டேலியா செடிகளைத் தின்றாள். ராத்திரியெல்லாம் கனைத்தாள். கோர்ட்டில் 'நல்ல உடல்நிலையில்' காட்டியாக வேண்டுமே! ஏட்டு கொள்ளு ஊறவைத்தார், கேரட் வாங்கி வந்தார், தன் கம்பளியையும் தியாகம் செய்தார்.

ஒரு நாள் காலை அவர் ரோசியை நடத்திக் கூட்டிப் போனார். உண்மையில் ரோசிதான் அவரைக் கூட்டிப் போனாள். நேராக ஏரிக்கரை. குதிரைக்காரர்கள் நிற்கும் இடத்தில், தன் வழக்கமான இடத்தில், போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் யூனிஃபார்மில் ஏட்டு.

திருப்பூர்க் குடும்பம் ஒன்று வந்தது. "ஏனுங்க, ஒரு ரவுண்டு எவ்வளவுங்க?"

"ஏறாதீங்க! இது கேஸ் ப்ராப்பர்ட்டி!"

அதற்குள் அந்தக் குடும்பத் தலைவர் ஏறியே விட்டார். ஆள் ஏறினால் நடக்க வேண்டும் என்பது ரோசிக்குத் தெரியும். நடந்தாள். கயிற்றைப் பிடித்தபடி ஏட்டும் நடந்தார். எதிரில் ஜீப்பில் வந்த எஸ்.ஐ. பிரேக் போட்டு நிறுத்தி, ஸ்வெட்டர் கழுத்தை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சென்னையிலிருந்து போன். கேமரா கார் சீட்டுக்கு அடியில் கெடந்ததாம். சாரியாம்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குதிரையைத் திரும்பக் கொடுக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும் அல்லவா? சவரிமுத்துவைவிட எஸ்.ஐ.தான் வெரசாக ஓடினார். ஒப்படைக்கும்போது அவரே கெஞ்சினார். "நல்ல உடல்நிலையில் பெற்றுக்கொண்டேன்னு எழுதுப்பா."

சவரிமுத்து ரோசியின் கால், வாய், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தார். "தொப்பை போட்ருச்சுங்க" என்றார். பிறகு மெல்ல, "சீசன்ல பாதி போச்சே, அதை யாரு கிட்டங்க கேக்குறது?" என்றார்.

எஸ்.ஐ. குளிருக்கு மூடுகிற மாதிரி காதை மூடிக்கொண்டார். எனக்குக் கோபமே அந்த இடத்தில்தான். எடுப்பதற்கு ஒரு நிமிடம், கொடுப்பதற்கு ஒரு கோர்ட் உத்தரவு, போனதற்கு யாருமில்லை.

ஆனால் ரோசி விடுவதாக இல்லை. இப்போதெல்லாம் அவள் ரவுண்டு ஏரிக்கரையோடு முடிவதில்லை. அவுட்போஸ்ட் வந்ததும், முதுகில் டூரிஸ்ட்டோடு, கேட்டுக்குள் திரும்பிவிடுகிறாள். ஏட்டின் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேரட் வாங்கிய பிறகுதான் வெளியே வருகிறாள். டூரிஸ்ட்டுகளுக்கு ஒரே குஷி! "போலீஸ் ஸ்டேஷன் போற குதிரை எதுங்க?" என்று கேட்டு வருகிறார்கள். சீசன் முடிந்து தூறல் விழுந்தும் சவரிமுத்துவுக்கு ஆள் குறையவில்லை.

நேற்றும் பார்த்தேன். எஸ்.ஐ. வாசலில் நின்று கையை விரித்து மறித்தார். ரோசி அவரை லேசாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

வாரன்டா? அவசரம் என்றால் தேவையில்லையாமே!